மேல் லயத்துக்கான அழைப்பு

மாலை நான்கு மணிச் சங்கு கீழே ஃபாக்டரியில் ஊதி அடங்கியபோது, கேபிள் செருகாத நெட்வொர்க் கார்டில் பச்சை விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது.

ராஜசேகர் கையிலிருந்த கேபிளைப் பார்த்தான். அதன் முனை அவன் விரல்களுக்கிடையில் இருந்தது. மறுமுனை சுவரிலிருந்த துளை வழியாகக் கூரைமேல் இருக்கும் டிஷ்ஷுக்குப் போனது. ஈரம் பட்டிருக்கும் என்று நினைத்தான். சட்டை நுனியால் கார்டின் வாயைத் துடைத்தான்.

அந்த அறை பாறையின் மேல் கட்டப்பட்டிருந்தது. தகரக் கூரை. கதவு ஒன்று, ஜன்னல் இல்லை. உள்ளே ஈரச் சிமெண்டும் பழைய பேட்டரியும் எலிப்புழுக்கையும் கலந்த வாடை நின்றது, வெளியே சரிவு முழுவதையும் மூடியிருந்த மூடுபனி கதவிடுக்கு வழியாக மெல்ல உள்ளே வந்து அவன் கணுக்காலில் படிந்துகொண்டிருந்தது, மழை கூரைமேல் ஒரே சீராக, பக்கத்து அறையில் யாரோ அரிசி புடைப்பதுபோல, விழுந்துகொண்டிருந்தது.

மழையை அளக்கும் குழாயும் மண்ணின் அசைவைக் காட்டும் கம்பிகளும் சுவரிலிருந்த பெட்டியில் வந்து சேர்ந்தன. பெட்டிக்குள் சீட்டுக்கட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டர் போர்டு. அது ஃபாக்டரி ஆபீஸில் இருக்கும் சர்வரோடு பேச வேண்டும். மண் நகர்ந்தால் சர்வர் கீழ் லயத்தில் சங்கு ஊதும், அந்த வரிசை வீடுகளில் இருக்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் எழுந்து ஓடுவார்கள். இது பேசாவிட்டால் அவர்களுக்கு எதுவும் தெரியாது.

கீழ் லயத்தின் முதல் வீட்டில் அவன் மனைவி அனுப்பிரியா தனியாக இருந்தாள்.

மத்தியானம் குருசாமி ஜீப்பை வளைவிலேயே நிறுத்திவிட்டார்.

“இதுக்கு மேல வண்டி போகாது தம்பி. போனாலும் நான் வரமாட்டேன்.”

“பயமாண்ணே?”

“பயம் இல்லடா, மரியாதை. அங்க எல்லாரும் படுத்திருக்காங்க. மேல டயர ஏத்தச் சொல்றியா?”

அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினான்.

“இருட்டுறதுக்குள்ள வேலைய முடி. ஒம் பொண்டாட்டி போன் போட்டு ‘ஏனுங்கண்ணா, ஏனுங்கண்ணா’ங்கும். எனக்குப் பதில் சொல்ல வராது. அது பேசுற தமிழுக்கே பாதி நேரம் முழிக்கிறேன்.”

“ஆறு மாசத்துல பழகிருவீங்க.”

“அது பழகட்டும் மொதல்ல. மழைக்கே பயப்படுது.”

அனுப்பிரியா கீழே சமவெளியில், நல்லேப்பிள்ளியில் வயலும் வெயிலுமாக வளர்ந்தவள். சித்திரையில் கல்யாணமாகி வந்தாள். ஒரு நாள் வாசலில் நின்று மலையைப் பார்த்துக் கேட்டாள்.

“ஏனுங்க, இதுக்கு மேல யாருங்க இருக்காங்க?”

“யாரும் இல்ல.”

அவ்வளவுதான் சொன்னான். வந்த புதிதில் பயமுறுத்த வேண்டாம் என்று லயத்திலும் யாரும் அவளிடம் சொல்லவில்லை.

பாறைக்குக் கீழே மேல் லயம் இருந்தது. போன வருஷம் மழையில் இந்த அறைமேல் இடி விழுந்து பழைய போர்டு கருகிப்போனது. அதற்குச் சற்று முன் வந்த அளவுகளில் மண் நகர்வதைப் பார்த்துவிட்டு ஆபீஸில் எச்சரிக்கையை அனுப்பினார்கள். இந்தக் கூரைமேல் இருக்கும் ஒலிபெருக்கிக்கு அது வந்து சேரவில்லை. விடிவதற்குள் மேல் லயம் இல்லாமல் போனது. பாதிப் பேரைத் தோண்டி எடுத்தார்கள். மீதிப் பேரை எடுக்க முடியாமல் மண்ணைச் சமப்படுத்தி, சிலுவையும் வேலும் பக்கத்தில் பக்கத்தில் நட்டார்கள். புதிய போர்டு வர அடுத்த மழைக்காலம் ஆனது.

லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டான். கார்டு இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொன்னது. அதை இயக்கும் டிரைவர் ஏறவில்லை என்றும் சொன்னது. காரணம் தெரிந்ததுதான். போர்டில் இருந்தது புதிய கெர்னல், கம்ப்யூட்டரை ஓட்டும் அடிப்படை நிரல். டிரைவர் பழைய கெர்னலுக்கு எழுதியது. இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. பென் டிரைவில் டிரைவரின் மூலநிரல் இருந்தது. புதிய கெர்னலுக்கு ஏற்றபடி அதை இங்கேயே மறுபடி உருவாக்க வேண்டும்.

உத்தரவு கொடுத்தான். வரிகள் ஓடத் தொடங்கின.

காத்திருந்தான். மழை சற்றே குறைந்தபோது வேறு ஓசைகள் வந்தன. எங்கோ ஓடைநீர் கல்லை உருட்டியது. கூரையிலிருந்து சொட்டிய தண்ணீர் வாசல் கல்லில் விட்டுவிட்டு விழுந்தது. அதற்கும் அடியில், சரிவிலிருந்து, இரும்புப் பாத்திரம் ஒன்றை யாரோ இழுத்து வைப்பது போல. தோண்டாமல் விட்ட சாமான்கள் மழையில் நகரும். குருசாமி சொல்லியிருக்கிறார்.

போனை எடுத்துப் பார்த்தான். இந்த முகட்டில் சிக்னல் கிடையாது. பெட்டிக்கு இணைப்பு வந்தால்தான் அதன் வைஃபை வழியாகப் பேச முடியும். அனுப்பிரியாவின் கடைசிச் செய்தி காலையில் வந்தது. சாப்பாட்டுப் பையில் ஊறுகாய் வைக்க மறந்துவிட்டாளாம்.

வரிகள் நின்றன. டிரைவரை ஏற்றினான். கேபிளைச் செருகினான். பச்சை விளக்கு எரிந்தது, அணையவில்லை. அவன் வாய்விட்டுச் சிரித்தான். அந்த அறையில் தன் சிரிப்பு பிடிக்காமல் நிறுத்திக்கொண்டான்.

சர்வர் ஏற்க மறுத்தது.

மறுபடி முயன்றான். மறுபடி மறுத்தது. கார்டின் முகவரியைப் பார்த்தான். ஒவ்வொரு கார்டுக்கும் செய்யும் இடத்திலேயே ஒரு முகவரியை எழுதி அனுப்புவார்கள். இதற்கு யாரும் எழுதவில்லை. எல்லா இடத்திலும் சுழியம். சர்வர் தனக்குத் தெரிந்த முகவரியைத்தான் உள்ளே விடும். அங்கே புதியதைப் பதிய ஆபீஸில் ஆள் வேண்டும். ஆளிடம் சொல்ல இணைப்பு வேண்டும்.

மழை திடீரென்று வலுத்தது. மண் கம்பியின் அளவைப் பார்த்தான். மத்தியானம் இருந்ததைவிட ஏறியிருந்தது. அதை இந்த மலையில் பார்த்துக்கொண்டிருந்தவன் அவன் ஒருவன்தான்.

மூலையில் பழைய போர்டு கிடந்தது. பாதி கருகி, மேலே சிலந்தி கூடு கட்டியிருந்தது. திருப்பினான். அடியில் ஸ்டிக்கர் சேதமில்லாமல் இருந்தது. முகவரி தெளிவாகத் தெரிந்தது.

எஸ்டேட்டில் நம்பர் சாவதில்லை, ஆள்தான் மாறும். அம்மா வேலையை விட்டால் அவள் நம்பரில் மகள் வருவாள். முதல் நாள் காலை பெரட்டில், ஆட்களைக் கூப்பிட்டுக் கணக்கெடுக்கும் இடத்தில், மேஸ்திரி அந்த நம்பருக்கு வந்ததும் நிறுத்தி, “ஆள் மாறிச்சு” என்று மூன்று பக்கமும் பார்த்துச் சொல்வார். அதன்பிறகே நம்பரைக் கூப்பிடுவார், இல்லாவிட்டால் பழைய ஆள் வந்து நிற்கும் என்பார்கள். வாரிசு இல்லாமல் செத்தவர்களின் நம்பரை யாருக்கும் தருவதில்லை, கூப்பிடுவதுமில்லை. மேல் லயத்து நம்பர்கள் எல்லாம் அப்படித்தான் நிற்கின்றன.

ராஜசேகர் அந்தப் பெரட்டுக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். நினைவு வந்தது. ஒரு சர்க்யூட் போர்டைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து “ஆள் மாறிச்சு” என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

சொல்லாமலே தட்டச்சு செய்தான். பழைய முகவரி புதிய கார்டில் ஏறியது.

சர்வர் ஏற்றுக்கொண்டது. அளவுகள் கீழே போகத் தொடங்கின. அவன் முதுகைச் சுவரில் சாய்த்தான்.

திரையில் புதிதாக ஒரு வரி வந்தது. இந்த முகவரிக்கு நிலுவையில் ஒரு செய்தி. பெறப்படுகிறது.

தேதியைப் பார்த்தான். போன வருஷத் தேதி.

அந்த இரவின் தேதி.

புரிவதற்குள் கூரைமேல் ஒலிபெருக்கி கரகரத்தது. பிறகு அவன் குரல் கேட்டது.

“மேல் லயத்து ஆளுங்க எல்லாரும் கெளம்புங்க. சாமான் எதும் எடுக்க வேண்டாம். கீழ் லயத்துக்கு எறங்கி வாங்க. மொத வீடு எங்க வீடு. கதவு தெறந்திருக்கும்.”

அது அவன் பதிவு செய்து கொடுத்தது. அப்போது அந்த வீட்டில் தனியாக இருந்தான். முதலில் பேசியதைக் கேட்டு மேல் லயத்து ஏழாம் வீட்டுப் பூமாரி, கொழுந்துக் கூடையோடு இதே வாசலில் நின்று சிரித்தாள். “எழவுக்குக் கூப்பிடுற மாதிரி இருக்குய்யா. கல்யாணத்துக்குக் கூப்பிடுற மாதிரி கூப்புடு. அப்பத்தான் வருவோம்.” அதனால்தான் இரண்டாவது முறை பேசினான். அதில் குரல் சிரித்த முகத்தோடு இருந்தது.

மூடுபனிக்குள் அந்தச் சிரித்த குரல் இறங்கிப் போனது. எதிர்மலை அதைத் திருப்பி அனுப்பவில்லை.

ஒலிபெருக்கியை நிறுத்த உத்தரவு கொடுத்தான். நிற்கவில்லை. மூன்று தடவை சொல்லி முடித்துத் தானாக நின்றது.

மழையும் அப்போது நின்றது.

அந்த அமைதியில் லேப்டாப் ஒருமுறை ஒலித்தது.

மேல் லயத்தின் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சிறு பெட்டி கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு பொத்தான். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அதை அமுக்க வேண்டும். எந்த வீடு கிளம்பியது என்று இங்கே தெரியும். அந்தப் பெட்டிகள் வீடுகளோடு போயின.

திரையில் இருந்தது:

வீடு 1. கிளம்பியது.

பழைய பதிவு. அதுவும் நிலுவையில் இருந்திருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். நேரத்தைப் பார்த்தான். இந்த நிமிஷம்.

வீடு 2. கிளம்பியது.

கீழே சரிவில் தாழ்ப்பாள் ஒன்று விலகியது. தகரக் கதவு கல்லில் உரசித் திறந்தது. அங்கே கதவு இல்லை. சுவர் இல்லை. புல்தான்.

வீடு 4. வீடு 3. வீடு 5.

இருமல். குழந்தையை அதட்டும் குரல். ஈர விறகுப் புகையின் வாடை. அதோடு புதிதாக வெட்டிய மண்ணின் வாடை, தொண்டைவரை.

வீடு 7. கிளம்பியது.

வீடு 7. கிளம்பியது.

இரண்டு தடவை. பூமாரிக்கு ஒருமுறை அமுக்கினால் நம்பிக்கை வராது. சோதித்துப் பார்த்த நாட்களிலெல்லாம் அப்படித்தான் செய்வாள். “தெரியுதாய்யா? இன்னொருக்கா அமுக்கவா?” என்று அங்கிருந்தே கத்துவாள்.

கேபிளைப் பிடுங்கினான்.

பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

மின்சார வயரையும் பிடுங்கினான். விளக்கு எரிந்தது. வீடு 9. வீடு 8.

கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்களை மூடினான். வரட்டும் என்று காத்திருந்தான்.

வரவில்லை.

காலடிகள் கேட்டன. நிறைய. சேற்றில் ஊன்றி எடுக்கும் காலடிகள். அவை அவனை நோக்கி ஏறவில்லை. விலகிப் போயின. பழைய படிக்கட்டு இருந்த பக்கமாக, ஒருவர்பின் ஒருவராக, அவசரமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் அதுவும் கேட்கவில்லை. மலையில் அவன் மட்டும் மிஞ்சினான்.

கீழே.

கீழ் லயம்.

முதல் வீடு.

“ஆள் மாறிச்சு!” என்று கத்தினான். கதவைத் திறந்து மூடுபனிக்குள் கத்தினான். “ஆள் மாறிச்சு! ஆள் மாறிச்சு!” குரல் உடைந்தது. கேட்க அங்கே யாரும் இல்லை.

பையை எடுக்காமல் ஓடினான். பாறை முடியும் இடத்தில் கால் வழுக்கியது. எழுந்தான். கையில் சேறு. சரிவில் புல் இல்லை. வரிசையாகக் குழிகள். ஒவ்வொன்றும் ஒரு கதவு அகலம்.

சட்டைப்பையில் போன் ஒலித்தது. கேபிளைப் பிடுங்கிப் போட்ட பிறகும், சிக்னல் இல்லாத முகட்டில், ஒலித்தது.

“அனு. அனு, கேளு. கதவ—”

“ஏனுங்க? கேக்குதுங்களா? ஒண்ணுமே கேக்க மாட்டேங்குதுங்க.”

“தெறக்காத! அனு!”

“நான் பேசறது கேட்டாப் போதும். மேலயிருந்து ஆளுங்க வந்திருக்காங்க. நெறையப் பேருங்க, கொழந்தைங்க எல்லாம் நிக்குது. ஒடம்பெல்லாம் சேறு. மேல யாரும் இல்லைன்னுதானுங்க சொன்னீங்க?”

அவன் கத்திக்கொண்டே இருந்தான். அவளுக்குக் கேட்கவில்லை.

“பக்கத்து ஊட்டுல எல்லாம் கதவச் சாத்தி வெளக்க அணைச்சுட்டாங்க. ஏன்னு தெரியலீங்க. ஒரு அக்கா மட்டும் ரெண்டு ரெண்டு தட்டா தட்டிட்டே இருக்குது. நீங்கதான் வரச் சொன்னீங்களாமா. கல்யாணத்துக்குக் கூப்பிடற மாதிரி கூப்பிட்டீங்களாமா. பாவமா இருக்குதுங்க, நனைஞ்சு போய் நிக்கறாங்க. கதவத் தொறக்கட்டுங்களா?”