ஐந்து நட்சத்திரப் பொய்

அண்ணன் பல் தேய்த்துத் துப்பினால் தொட்டி சிவப்பாகிவிடும். அம்மா பார்ப்பதற்குள் அவசர அவசரமாகத் தண்ணீரைத் திறந்துவிடுவான். ஆனால் குருவியின் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது.

குருவி என்பது அவன் தங்கையின் பட்டப்பெயர். அவள் ஏழாம் வகுப்பு, அவன் பத்தாம் வகுப்பு. இருவருக்கும் ஒரே பள்ளிக்கூடம்.

குருவி சொல்லி அம்மா அழைத்துப்போன பல் டாக்டர், அண்ணனின் வாயைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "பழம், காய்கறியெல்லாம் கண்ணாலயாவது பாத்திருக்கியா?" அவர் மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கினார். "மருந்து தரேன். ஆனா தினமும் ஒரு ஆரஞ்சாவது உள்ள போகணும். இல்லேன்னா பல்லு ஆட ஆரம்பிச்சிடும்."

வீட்டில் காய் நறுக்கியவர் அப்பாதான். போன வருடம் அவர் இறந்துபோனார். அவருடைய நறுக்கும் பலகையை அதன்பின் யாரும் ஆணியிலிருந்து எடுக்கவே இல்லை. துண்டு நெய்யும் ஆலையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு, அம்மா வீங்கிய காலோடு வருவாள். பாக்கெட் நூடுல்ஸ் கொதிக்க வைப்பதற்குள்ளேயே அவளுக்குக் கண் செருகும். அவள் கூலியில் பழத்துக்குக் காசும் மிஞ்சாது. யாரைக் குறை சொல்வது?

மிச்சமிருந்தது பள்ளிச் சாப்பாடு. தினமும் தட்டில் ஒரு ஆரஞ்சு உண்டு. ஆனால் அண்ணனின் கூட்டாளிகளுக்கு அது பழமல்ல, பந்து. குப்பைத் தொட்டியைக் குறி பார்த்து எறிவார்கள். "கோல்!" என்று கத்துவார்கள். அண்ணனும் எறிவான். கடித்தால் சுளையில் ரத்தம் ஒட்டும், அதை யாராவது பார்த்தால் மானம் போய்விடும் என்று அவனுக்குப் பயம்.

அதனால் குருவி தன் ஆரஞ்சைத் தின்னாமல் பையில் போட்டுக்கொண்டு வந்து, வீட்டில் அவனுக்குக் கொடுத்தாள்.

"உனக்கு?" என்று அவன் கேட்டால், "நான் அங்கயே தின்னுட்டேன்" என்பாள்.

ஒருநாள் தலைமையாசிரியை சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பெரிய அட்டையை மாட்டினார். அதில் எல்லோருடைய பெயரும் இருந்தது. "வீட்டுல தினமும் எத்தனை பழம், காய் சாப்பிடறீங்களோ, அத்தனை நட்சத்திரம், அஞ்சு வரைக்கும் ஒட்டுங்க" என்றார்.

கிழவன் மாதிரிப் பேசுவதால் 'தாத்தா' என்று பெயர் வாங்கிய பையன் ஐந்து ஒட்டினான். "நான் தினமும் ஒரு முழு தர்பூசணி சாப்பிடறேன்மா. உடம்பு கேக்குது" என்றான். அவனைப் பார்த்து அடுத்தவன் ஐந்து ஒட்டினான். குறைவாக ஒட்ட யாருக்கு மனசு வரும்?

குருவியின் முறை வந்தது. ஒன்றும் ஒட்டாமல் விட்டால், 'உங்கம்மா என்னதான் சமைப்பாங்க?' என்று கேட்பார்களே! அம்மாவை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. அவளும் ஐந்து ஒட்டினாள்.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை எல்லோரையும் கூட்டினார். "ரொம்ப சந்தோஷம். வீட்டுலயே இவ்வளவு சாப்பிடறீங்க. அதான் இங்க குடுக்கறதெல்லாம் குப்பைக்குப் போகுது. திங்கட்கிழமையிலேருந்து இங்க பழம் கிடையாது."

சிலர் கைகூடத் தட்டினார்கள். குருவி தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாளே!

பத்து நாளில் அண்ணனின் முன்பல் ஒன்று ஆடத் தொடங்கியது. ரொட்டியைக் கடித்தவன் அப்படியே வைத்துவிட்டான். வெள்ளை ரொட்டியில் சிவப்பாகக் கறை.

"ஒண்ணுமில்ல, போ" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. குருவி குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்தபோது என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "நாளைக்கு நிஜத்தை எழுதப் போறேம்மா. உன்னை யாராவது ஏதாவது சொன்னா..."

அம்மா காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"சொன்னா சொல்லிட்டுப் போகட்டும். வெட்கப்பட்டா அவன் பல்லு நிக்குமா? எழுது" என்றாள்.

மறுநாள் மதியம் குருவி தன் ஐந்து நட்சத்திரங்களையும் நகத்தால் சுரண்டினாள். அங்கே பெரிதாக ஒரு பூஜ்யச் சுழி போட்டாள்.

"ஏய், குருவி முட்டை போட்டிருக்குடா!" என்றான் தாத்தா. கூடமே சிரித்தது.

அவளுக்கு முகம் சுட்டது. ஆனாலும் திரும்பினாள். "ஆமா, எங்க வீட்டுல பழமும் இல்ல, காயும் இல்ல. நீ சொல்லு, தினமும் ஒரு தர்பூசணி தின்ன உனக்கு இருக்கறது வயிறா, கிணறா?"

தாத்தா அட்டையருகே வந்து தலையைக் குனிந்துகொண்டு, "எங்க வீட்டுல சிப்ஸ்தான்" என்றான். தன் நட்சத்திரங்களைச் சுரண்ட ஆரம்பித்தான்.

அன்று மணி அடிப்பதற்குள் பதினோரு சுழிகள். மறுநாள் எண்ணி மாளவில்லை. கடைசியாக அண்ணன் எழுந்து வந்தான். சுழி போட்டுவிட்டுக் கூட்டாளிகளைப் பார்த்தான்.

"எனக்கு ஈறுல ரத்தம் வருதுடா. நாம எறிஞ்சு விளையாடினோமே, அதுதான் எனக்கு மருந்து."

யாரும் சிரிக்கவில்லை.

தலைமையாசிரியை அந்த அட்டையை மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு போய்ப் பழக்காரருக்குப் போன் செய்தார். இந்தப் பள்ளியின் பங்கில் பாதி அதற்குள் வேறொரு பள்ளிக்குப் போயிருந்தது. "ஆளுக்குப் பாதி ஆரஞ்சுதான் கிடைக்கும். என் தப்பும்தான், நட்சத்திரத்தை நம்பிட்டேன்" என்றார்.

அண்ணனின் ஆடிய பல் நிற்கவில்லை. டாக்டர் பிடுங்கிவிட்டார். இன்னொன்றும் ஆடுகிறதா என்று தினமும் நாக்கால் தொட்டுப் பார்ப்பான்.

பழம் திரும்பி வந்த அன்று, அவன் கூட்டாளிகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்து முதல் சுளையைக் கடித்தான். சுளையில் சிவப்பு ஒட்டியது. குப்பைத் தொட்டிப் பக்கம் ஒருவனும் கையை ஓங்கவில்லை.

"எரியுதா?" என்று கேட்டாள் குருவி.

"எரியுது." அவன் அடுத்த சுளையை வாயில் போட்டுக்கொண்டான்.

வழக்கம்போலத் தன் பாதியைப் பைக்குள் வைக்கப் போனவளின் கையை அவன் பிடித்தான். "நீ தின்னு. நான் பாக்கணும்."

குருவி தின்றாள். ஆரஞ்சு எவ்வளவு இனிக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.