மூணு விரல் தள்ளிய ஸ்டியரிங்

"ஐயோ, என் பஞ்சு!"

மழை வருகிறதே என்று பாயைச் சுருட்ட ஓடிவந்தாள் சந்திரமதி. அதற்குள் பச்சை நிற மோட்டார்க் காடி ஒன்று ரோட்டிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்து பாயின் மேல் ஏறி நின்றுவிட்டது. காய வைத்திருந்த இலவம்பஞ்சு வெள்ளையாய் எழும்பியது... பறந்தது... முதல் தூறலில் நனைந்து, காடிக்காரன் தலையிலும் மீசையிலும் ஒட்டிக்கொண்டது.

கூரை மடக்கிய காடி. இரண்டே சீட்டு. காஜா பேராங் ரோட்டில் இந்த மாதிரிக் காடியை இதுவரை வெள்ளைக்காரன்தான் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். இவன் கறுப்பு. நல்ல கறுப்பு. நகமெல்லாம் கிரீஸ்.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"கண்ணு நல்லாத்தான் தெரியுது. கைதான் எட்டல."

"கை எட்டாதவருக்கு எதுக்குக் காடி?"

"என் கைமேல தப்பு இல்லீங்க. நீங்களே எட்டிப் பாருங்க... இந்த ஸ்டியரிங் எனக்கு நேரா இருக்கா?"

பார்த்தாள். இல்லை. சீட்டுக்கு நேராக இருக்க வேண்டிய வட்டம், மூணு விரல் இடது பக்கம் தள்ளி இருந்தது. காலில் மிதிக்கிற பெடல்களும் அதே பக்கம் ஒதுங்கியிருந்தன. அவன் இடுப்பு ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம் என்று முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"வலது கைய நீட்டி நீட்டிப் பிடிக்கணும். இடது முழங்கை வயித்துல குத்தும். திடீர்னு ஒடிச்சா ரெண்டு கையும் ஒண்ணோட ஒண்ணு மோதும். இப்ப ஒரு கோழி குறுக்க வந்துச்சு... ஒடிச்சேன்... உங்க பாய்க்கு வந்துட்டேன்."

"இதச் செஞ்சவன் என்ன கோணல் பயலா?"

"எஞ்சினுக்குத் தாராளமா இடம் விட்டிருக்கான். மிச்சம் இருந்த சந்துல மனுஷன உட்கார வெச்சிருக்கான். எஸ்டேட்டுல நமக்கு லயத்து வீடு கட்டிக் குடுத்த மாதிரி."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். மழை இப்போது கொட்டியது. அவன் இமைகளில் துளிகள் நின்றன... அவற்றுக்குப் பின்னால் இரண்டு கண்கள். சிரிக்கிற கண்கள்தான். ஆனால் ரொம்ப நாளாய் ஆள் நடமாட்டம் இல்லாத வீட்டு ஜன்னல் மாதிரி இருந்தன. அந்த மாதிரிக் கண்களை அவள் தினமும் பார்ப்பாள், கண்ணாடியில்.

"ஸ்டியரிங் நகராதுன்னா சீட்டுதான் நகரணும்" என்றாள். "கடை போர்டப் படிச்சீங்களா? காடிக்குக் குஷன் தைக்கிறது எங்க தொழில். பாழாப்போன பஞ்சுக்குப் பதிலா அந்த வேலைய என்கிட்ட குடுங்க."

அவன் என்னவோ சொல்ல வாயைத் திறந்தான். சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

அவன் பெயர் ஜெயபாலன். செமாபோக்கில் பஸ் பட்டறை மெக்கானிக். முன்பு ஒரு துரையின் காடியைத் துடைத்துக் கழுவிக்கொண்டிருந்தான். அந்தத் துரை, மெர்டேக்கா வருகிறது, நாடு சுதந்திரமாகிறது, இனி இங்கே நமக்கு வேலை இல்லை என்று இங்கிலாந்துக்குப் போகும்போது அதை அவனுக்கே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஊரெல்லாம் எங்கேயாவது போய்க்கொண்டிருந்த நேரம் அது. சந்திரமதியும் போக வேண்டியவள்தான். அண்ணன் தியாகு ஆற்றோரக் கிடங்கில் ரப்பர் கட்டு சுமக்கிறவன். அண்ணியையும் பிள்ளைகளையும் போன வருஷமே பூர்வீக நாட்டுக்கு அனுப்பிவிட்டான். இப்போது தனக்கும் தங்கைக்கும் கப்பல் டிக்கெட் எடுத்துவிட்டான். செப்டம்பரில் கப்பல். அப்பா விட்டுப் போன குஷன் கடையை அதற்குள் மூட வேண்டும். அவள் அந்த நாட்டைப் பார்த்ததே இல்லை. அங்கே அண்ணிக்கு அண்ணன் உண்டு, பிள்ளைகளுக்கு அப்பா உண்டு... அவளுக்கு? அடுப்படியில் ஒரு மூலை இருக்கும். கல்யாண வயசு தாண்டியவளுக்கு வேறென்ன கிடைக்கும்?

மறுநாள் அவன் காடியோடு வந்தான். தலையில் எண்ணெய் தடவிப் படிய வாரியிருந்தான்.

அப்பா காட்டிய வழியில்தான் அவள் அளவு எடுப்பாள். ஆம்பிளை உடம்பில் டேப்பை வைத்து அளக்க முடியாது அல்லவா? சாக்கில் ஈர மரத்தூளை நிரப்பி, பெட்டியில் பரப்பி, வந்தவரை உட்காரச் சொல்வாள். எழுந்ததும் பள்ளம் தெரியும். எந்தத் தொடை அழுத்துகிறது, எந்த இடுப்பு இறங்குகிறது... எல்லாம் அதில் இருக்கும்.

"நல்லா உட்காருங்க."

"நல்லாத்தான் உட்கார்ந்திருக்கேன்."

பக்கத்துக் கடையில் நாசி லெமாக் சோறு பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த நூர்ஜஹான் சிரித்தாள். "ஏ புள்ள, இவரு என்ன பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்காரு?"

"அக்கா, சும்மா இருங்க."

பள்ளம் அழகாக விழுந்திருந்தது. இரண்டு பக்கமும் சமமாய். அவள் அதைப் பார்த்துத் தைத்துக் கொடுத்தாள். அவனும் வாங்கிக்கொண்டு போனான். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தாள். அப்படி நினைத்தபோது கடை ஏன் அத்தனை பெரிதாகத் தெரிந்தது என்று அவளுக்கே விளங்கவில்லை.

அந்த வாரமே திரும்பி வந்தான். முகம் கடுகடுத்திருந்தது. பானெட்டில் சேறு.

"கிளேபாங் வளைவுல காவாயில எறங்கிட்டேன். உங்க சீட்டு என்னைய நிமித்தி நிமித்தித் தள்ளுது. ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்குது. முதுகு போச்சு."

"என் அளவு தப்பாது. நீங்க உட்கார்ந்த மாதிரிதான் தெச்சேன்."

"நான் அப்படி உட்காரவே மாட்டேன்!"

"அன்னிக்கு அப்படித்தானே உட்கார்ந்தீங்க?"

"அன்னிக்கு... அது..."

"சொல்லுங்க."

அவன் தரையைப் பார்த்தான். "நீங்க பார்த்துக்கிட்டு இருந்தீங்க."

தையல் ஊசி அவள் விரலில் ஏறியது. அவள் கவனிக்கவில்லை.

அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. எஸ்டேட்டில் பிறந்த பையன். துரை பங்களாவில் முதுகை நிமிர்த்தி, முழங்காலைச் சேர்த்து, நாற்காலி ஓரத்தில் ஒட்டியும் ஒட்டாமலும் உட்காரப் பழகியவன். மரத்தூளில் விழுந்தது அவன் மரியாதையின் பள்ளம். அவள் அந்த மரியாதைக்குக் குஷன் தைத்துக் கொடுத்திருக்கிறாள்!

"அப்ப ஒரே வழிதான்" என்றாள். "சாக்கக் காடியில போட்டு நீங்க ஓட்டணும். நான் பக்கத்துல இருந்து பார்க்கணும்."

"பக்கத்துலயா? பட்டப்பகல்லயா? ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு வந்து காவாயிலேருந்து காடியத் தூக்கிச்சா?"

கிளேபாங் கடலோர ரோடு. தூறல் விழுந்துகொண்டே இருந்தது. கூரையை மாட்டியும் ஓரங்களில் சாரல் அடித்தது... அவள் முந்தானையைப் பற்களில் கடித்துக்கொண்டாள். மெர்டேக்காவுக்குக் கட்டிய காகிதக் கொடிகள் நனைந்து தொங்கின. முதல் மைலில் அவன் விறைத்துக்கொண்டுதான் இருந்தான். பிறகு வளைவுகள் வந்தன. மரியாதை காட்ட அவனுக்கு நேரமில்லை. வலது தோள் முன்னால் போனது, இடுப்பு திரும்பியது, முகம் தானாக அவள் பக்கம் சாய்ந்தது.

"ரோட்டப் பாருங்க."

"ரோட்டத்தான் பார்க்கறேன். ஸ்டியரிங்தான் இந்தப் பக்கம் திருப்புது."

"இத்தன நாளா இந்தப் பக்கம் யாரும் இல்லையே... என்னத்தப் பார்த்தீங்க?"

"காலி சீட்டத்தான். வேலை முடிஞ்சா காடிய எடுத்துக்கிட்டு சும்மா சுத்துவேன். போறதுக்கு ஒரு எடமும் கெடையாது. திரும்பினா காலி சீட்டு. அதப் பார்க்கக் கூடாதுன்னு ரோட்டோட இந்த ஓரத்தையே பார்த்துப் பழகிட்டேன்."

அவள் வெளியே பார்த்தாள். கடலும் வானமும் ஒரே சாம்பல்.

கடைக்கு வந்து அவன் இறங்கியதும் சாக்கைத் தொட்டாள். பள்ளம் இடது பக்கம் ஆழமாக, கோணலாக, உண்மையாக இருந்தது. உள்ளங்கையை வைத்தாள். சூடு இன்னும் போகவில்லை.

"யாருடா நீ?"

தியாகு. கிடங்கிலிருந்து நேராக வந்திருக்கிறான். சட்டை இல்லை, தோளில் ரப்பர் வாசனை. இருவரும் கிளேபாங் போன செய்தி அவர்கள் திரும்பும் முன்பே ஆற்றோரம் போய்விட்டது.

"அண்ணே, நான் ஜெயபாலன்... சீட்டு அளவு பார்க்க..."

"துரை தின்னுட்டுப் போட்ட எச்சில் காடி. அதுல என் தங்கச்சிய வெச்சு ஊர்கோலமா? ரப்பர் பால் வாளி தூக்கினவன்தானேடா நீயும்? உனக்கு என்ன இருக்கு? இந்தக் காடிய விட்டா என்ன இருக்கு?"

ஜெயபாலனுக்குக் காதோரம் கறுத்தது. சாக்கைக் கடையில் இறக்கிவிட்டுக் காடியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"ஏண்ணே இப்படிப் பேசின?"

தியாகு படியில் உட்கார்ந்தான். "என் கடைசிப் பய என்னைய மறந்திருப்பான், சந்திரா. நான் போகணும். உன்னைய இங்க ஒத்தையில விட்டுட்டுப் போனா நான் மனுஷனா? அதுவும் இப்படிப் பேரு கெட்டு?"

அவனைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. பெண்டாட்டி பிள்ளை இல்லாமல் அவன் தின்னும் சோறும் தனிச் சோறுதான்.

சீட்டைத் தைத்து முடித்தாள். தேங்காய் நாரை இடது பக்கம் தளர்த்தி, வலது பக்கம் மேடு கட்டி, மேலே புதுப் பஞ்சு வைத்து. அவன் வரவில்லை. ஒவ்வொரு காடிச் சத்தத்துக்கும் தலை தானாக நிமிர்ந்தது... லாரி. பஸ். வேறு யாரோ.

"சீட்டு ரெடி. உட்காரத்தான் ஆளக் காணோம்" என்றாள் நூர்ஜஹான்.

"போங்கக்கா."

"நான் எங்க போறது? நீதான் போகணும். செமாபோக் என்ன சீமையிலயா இருக்கு?"

வீம்பு ஒரு பக்கம் பிடித்து இழுத்தது. கூப்பிடாதவன் வீட்டுக்கு நான் ஏன் போக வேண்டும்? பிறகு மூட்டை கட்டி வைத்த பாத்திரங்களைப் பார்த்தாள். கப்பலில் ஏறிய பின் வீம்பை வைத்து என்ன செய்வது? சீட்டை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள்.

பட்டறையில் ஒரு பஸ்ஸுக்கு அடியில் இரண்டு கால்கள் நீட்டியிருந்தன.

"சீட்டு கொண்டாந்திருக்கேன்."

கால்கள் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஆள் வெளியே வந்தான். அவளைப் பார்க்காமலே சீட்டை வாங்கினான், காடியில் பொருத்தினான், ஏறி உட்கார்ந்தான். வலது தோள் தானாகப் போய்ச் சேர்ந்தது. முழங்கை வயிற்றைத் தொடவில்லை. கண்ணை மூடிக்கொண்டான்.

"எப்படி இருக்கு?"

"வலி இல்ல." பிறகு மெதுவாக, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது."

"திட்டுவேன். சொல்லுங்க."

"இந்த ஸ்டியரிங்க நானே நகர்த்தியிருக்கலாம். ஒரு இரும்புப் பட்டைய வெல்டிங் வெச்சா நேரா வந்துரும். அரை நாள் வேலை."

"தெரிஞ்சுமா?"

"நீங்க சீட்டுன்னு சொன்னப்பவே தெரியும்."

"அப்ப என் விரல்ல ஊசி குத்தினதெல்லாம்? முதுகு போச்சுன்னு சண்டைக்கு வந்ததெல்லாம்?"

"முதுகு நெசமாவே போச்சுங்க... வேலை ஒண்ணும் இல்லாம ஒரு ஆம்பள உங்க கடை வாசல்ல வந்து எப்படி நிக்கிறது?"

அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "பின்ன எங்கண்ணன் ரெண்டு வார்த்தை பேசினதும் ஓடிட்டீங்களே!"

"அவர் சொன்னதுல பொய் இல்லையே. எனக்கு என்ன இருக்கு?"

"அத அவர்கிட்ட சொல்லாதீங்க. என்கிட்ட கேளுங்க."

அவன் நிமிர்ந்து பார்த்தான். பட்டறைத் தகரத்தில் மழை இறங்கியது. பேச முடியாத சத்தம். அவள் சுற்றி வந்து பக்கத்துக் கதவைத் திறந்து ஏறினாள்.

"எறங்கிடாதீங்க. ஆத்தோரத்துக்கு ஓட்டுங்க. அண்ணன் கிடங்குலதான் இருக்காரு."

தியாகு முதுகில் ரப்பர் கட்டோடு படகுக்குப் போட்ட பலகையில் நடந்து வந்துகொண்டிருந்தான். இருவரையும் பார்த்ததும் நின்றான். கட்டை இறக்கவில்லை.

"அண்ணே" என்றான் ஜெயபாலன். வழியெல்லாம் தயார் செய்த பேச்சு அவனுக்கு வரவில்லை. "எனக்கு ஒரு ஆளுக்குச் சோறு வடிக்கத் தெரியலண்ணே. லயத்துல ஒரு குடும்பமே இருந்தோம். சிலர் செத்துட்டாங்க, சிலர் கப்பல் ஏறிட்டாங்க. கை அந்த அளவுக்குத்தான் அரிசி எடுக்குது. தினம் மிஞ்சுது. நாய்க்குப் போடறேன்... வேற எனக்குச் சொல்லத் தெரியல."

தியாகு கட்டைக் கீழே இறக்கினான். தங்கை பக்கம் திரும்பினான்.

"நீ என்ன சொல்ற?"

வாழ்க்கையில் யாரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை.

"எனக்கு இவரப் பிடிச்சிருக்குண்ணே. நான் கப்பல் ஏறல."

ஆறு சத்தம் போடாமல் போய்க்கொண்டிருந்தது. தியாகு தோள் துண்டால் முகத்தைத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.

"அப்ப நான் மட்டும் போறேன்" என்றான். "அதுக்கு முன்ன பிள்ளையார் கோயில்ல தாலியக் கட்டிடுங்க. ஒரு டிக்கெட்டத் திருப்பிக் குடுத்துடறேன்... அழுவாத புள்ள. எனக்கு வேலை கெடக்கு."

குனிந்து கட்டைத் தூக்கப் போனான். ஜெயபாலன் ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்தான்.

"விடுடா, நான் தூக்குவேன்."

"தெரியும்ண்ணே. சும்மா பிடிக்கறேன்."

தியாகு அவனைத் தள்ளிவிடவில்லை.