ஒன்றிலிருந்து இரண்டுக்கு

பட்டனை அமுக்கியதும் கம்ப்யூட்டரின் விசிறி சுற்றத் தொடங்கி, யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டது போலச் சட்டென்று நின்றது. திரை கறுப்பாகவே இருந்தது. மறுபடி அமுக்கினான். அதே சுற்றல், அதே நிற்றல், பிறகு பெட்டிக்குள்ளிருந்து கட், கட் என்று நகத்தால் தகரத்தைத் தட்டுகிற சத்தம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தத் தட்டல் கொஞ்ச நேரம் கேட்டது.

மனைவியும் மகளும் காலையிலேயே மனைவியின் அக்கா வீட்டுக்குப் போயிருந்தார்கள். இருட்டுவதற்குள் வந்துவிடுவார்கள். மகளுக்கு வீட்டில் பெயர் வாலு. வாலு பிறந்த அன்று துணிச் சுருளுக்குள் முகத்தைச் சுளித்தது முதல், போன வாரம் கட்டிலில் குதித்துக் குதித்துத் தானே கட்டிய பாட்டைப் பாடியது வரை, அத்தனை படமும் வீடியோவும் இந்த ஒரு பெட்டிக்குள்தான் இருந்தன. வேறு எங்கும் இல்லை. "ஒரு காப்பி எடுத்து வைங்க" என்று சொல்லிச் சொல்லி மனைவிக்கு வாய் வலித்துவிட்டது. போனில் இடம் அடைக்கிறது என்று அங்கிருந்தும் அழித்துத் தொலைத்தவன் இவன்தான். அவள் வந்து கேட்டால் என்ன சொல்வது?

அவன் லிஃப்ட் மெக்கானிக். மாடி மாடியாக இருட்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டு மோட்டாரோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு இந்த மேசைப் பெட்டி என்ன பெரிய பிரமாதம் என்ற மிதப்பு அவனுக்கு எப்போதும் உண்டு. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பக்கத் தகட்டைக் கழற்றினான். உள்ளே பஞ்சு பஞ்சாகத் தூசி. ஊதினான், தும்மினான், திட்டினான். மெமரி தகடுகளை உருவி, வாலுவின் பென்சில் டப்பாவிலிருந்து ரப்பரை எடுத்து அவற்றின் மஞ்சள் பற்களைப் பளபளவென்று தேய்த்து மாட்டினான். இந்தத் தடவை திரையில் வெளிச்சம் வந்தது. வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி: டிஸ்க் எதுவும் கிடைக்கவில்லை. கீழே அந்தத் தட்டல் மட்டும் நிற்கவில்லை.

வேறு வழியில்லாமல் மச்சினனுக்குப் போன் போட்டான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற பையன்.

"மாமா, அது டிஸ்க் போற சத்தம். சும்மா சும்மா ஆன் பண்ணிப் பாக்காதீங்க. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா செத்துட்டிருக்கு."

"பயமுறுத்தாதடா. வழியச் சொல்லு."

"அதே அளவுல இன்னொரு டிஸ்க் வாங்கிட்டு வாங்க. நான் கொடுத்த பென்டிரைவ்லேருந்து ஆன் பண்ணி, பழச அப்படியே அதுக்கு நகல் எடுத்துடலாம். திசைதான் முக்கியம் மாமா. எதுலேருந்து எதுக்குன்னு நல்லாப் பாத்துக்கோங்க. மாத்திக் கொடுத்துட்டீங்கன்னா, நம்மளது இருந்த எடத்துல அது வந்து உக்காந்துக்கும். அப்புறம் யார் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

"எனக்கே பாடம் எடுக்கிறியா? வை போனை."

ஞாயிற்றுக்கிழமை. பெரிய கடைகள் எல்லாம் சாத்தியிருந்தன. பழைய சாமான் விற்கிறவன் மட்டும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தான். என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு, தேடாமலே கையை நீட்டி ஒரு டிஸ்கை எடுத்து மேசைமேல் வைத்தான். அதே கம்பெனி, அதே அளவு. வேண்டாத விருந்தாளியை வழியனுப்புகிற முகம்.

"உள்ள ஏதாவது இருக்கா?"

"இருந்தா அழிச்சுக்கோங்க. திருப்பி மட்டும் கொண்டு வராதீங்க. வாங்க மாட்டேன்." சொல்லிவிட்டு இவன் வாசலைத் தாண்டும் முன்பே ஷட்டரைக் கீழே இழுத்துவிட்டான். எல்லாக் கடைக்காரனுக்கும் இப்போது திமிர் ஏறிப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே நடந்தான். வானம் மூடிக்கொண்டு வந்தது.

வீட்டில், வாங்கி வந்த டிஸ்கைக் காலியாக இருந்த கேபிளில் மாட்டியதும், பென்டிரைவிலிருந்து கம்ப்யூட்டர் சமர்த்தாக எழுந்தது. அவனுக்கு உயிர் வந்தது. கடைக்காரன் கொடுத்த டிஸ்க் காலியா என்று எட்டிப் பார்த்தான். உள்ளே நிறைய வீடியோ. யார் வீட்டுச் சமாச்சாரமோ, பார்க்கக் கூடாதுதான். ஒன்றைத் திறந்தான்.

ஜன்னல் சாத்திய ஓர் அறை. நாற்காலியில் ஒரு பெண், அவள் காலடியில் பாவாடை கட்டிய சிறுமி. இருவரும் காமிராவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்பில்லை, பேச்சில்லை. காமிராவைப் பிடித்திருந்தவனின் மூச்சு மட்டும் வேகவேகமாகக் கேட்டது. சிறுமி எழுந்து கண் இமைக்காமல் நேராக நடந்து வந்தாள். "போறியா? போ. வேற அப்பா வருவாங்க," என்றாள். அவள் உள்ளங்கை திரையை மூடியது. படம் முடிந்தது.

பிள்ளைப் பேச்சா இது என்று நினைத்தான். எப்படியும் நகல் எடுக்கும்போது இதெல்லாம் அழிந்து தொலையும் என்று மூடிவிட்டு, வேலையைத் தொடங்கினான்.

திரை கேட்டது: எதிலிருந்து எதற்கு? டிஸ்க் ஒன்று, டிஸ்க் இரண்டு. பெயரும் அளவும் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தன. அவன் யோசிக்கவே இல்லை. லிஃப்ட் வேலையில் எந்தக் கட்டிடத்துக்குப் போனாலும் பழைய லிஃப்ட்தான் ஒன்று, பிறகு வந்தது இரண்டு. அதில் சந்தேகப்பட்டவனை அவன் பார்த்ததில்லை. ஒன்றிலிருந்து இரண்டுக்கு என்று கொடுத்தான். நிச்சயமா என்று திரை கேட்டது. நிச்சயம் என்றான். தூசி தட்டும்போது கேபிள்களைக் கழற்றி, கைக்கு வந்தபடி மாட்டியது அவன் நினைவுக்கு வரவில்லை.

பச்சைக் கோடு ஒன்று இடது ஓரத்திலிருந்து மெல்ல வளர ஆரம்பித்தது. தட்டல் நின்றது.

மழை பிடித்துக்கொண்டது. காபி போட அடுப்படிக்குப் போனவன், வெகுநாள் சாத்திக் கிடந்த அறையைத் திறந்தால் வருமே, ஈரத்துணியும் பூஞ்சையும் எந்தக் காலத்து மருந்தோ ஒன்றும் கலந்த வாசம், அது கூடத்திலிருந்து தரையோடு தரையாக ஊர்ந்து வந்து தன் காலைச் சுற்றுவதை உணர்ந்து, மழைக்கு எங்கோ சுவர் ஊறுகிறது போலிருக்கிறது என்று ஒவ்வொரு மூலையாகக் குனிந்து தடவிப் பார்த்தான். சுவர் காய்ந்திருந்தது. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. அவற்றை எப்போது சாத்தினோம் என்றுதான் யோசிக்க வேண்டியிருந்தது.

போன் அடித்தது. மனைவி.

"கிளம்பிட்டோங்க. நல்ல மழை. வாலு உங்ககிட்டப் பேசணுமாம்."

"அப்பா, எனக்குப் பெரியம்மா பூனைக்குட்டி காட்டினாங்களே. நீ பாக்கல."

"அதையும் தூக்கிட்டு வந்துடு, உனக்கு ஜோடி," என்றான். மகள் சிரித்தாள். அவனும் சிரித்தான். போனை வைத்த பிறகு, பூனைக்குட்டி என்ன நிறம் என்று கேட்டிருக்கலாமே என்று தோன்றியது. உடனே, சிரித்த பிள்ளையின் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றான். கொஞ்சம் நேரம் பிடித்தது.

பச்சைக் கோடு பாதியைத் தாண்டியிருந்தது.

வாசல் பக்கம் செருப்புகளைப் பார்த்தான். வாலுவின் பழைய செருப்பு எப்போதும் ஒன்று இங்கே, ஒன்று அங்கே கிடக்கும். இப்போது ஒரு ஜோடி ஒழுங்காகச் சுவரோரம் நின்றது. கறுப்பு வார். கொஞ்சம் பெரிய அளவு. இது எப்போது வாங்கியது? கூடத்துச் சுவரில் மூன்று பேரும் இருக்கிற படம் இருந்தது. அதில் அவன் இருந்தான். பக்கத்தில் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் நின்றுகொண்டல்லவா படம் எடுத்தார்கள்?

கண்ணைத் தேய்த்துவிட்டுக் கிட்டப் போனான். பாவாடை. இமைக்காத கண்.

கம்ப்யூட்டரிடம் ஓடினான். போன் வெளிச்சத்தைப் பெட்டிக்குள் அடித்து, டிஸ்கின் மேல் ஒட்டியிருந்த எண்ணையும் திரையில் இருந்த எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்தான். ஒன்று என்பது கடைக்காரன் கொடுத்தது. இரண்டு என்பது அவனுடையது.

"ஐயோ," என்றான்.

நிறுத்து என்பதை அமுக்கினான். கோடு நகர்ந்தது. பட்டனை அழுத்திப் பிடித்தான். நகர்ந்தது. பிளக்கைப் பிடுங்கினான். யூபிஎஸ் இருக்கிறது, அதனால்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு அதன் வயரையும் உருவினான். இரண்டு வயரும் அவன் கையில் தொங்கின. விசிறி நிதானமாகச் சுற்றியது. திரையின் வெளிச்சம் அவன் கையில் பச்சையாக விழுந்தது.

போன் அடித்தது. திரையில் ஒரு பெயர். அதை எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"தெருமுனைக்கு வந்துட்டோங்க. குடை எடுத்துட்டு வர்றீங்களா?"

"யாரு?"

"யாரா? விளையாடுற நேரமா இது? பிள்ளை நனையுது."

"எந்தப் பிள்ளை?" என்றான். கேட்டது தன் வாய்தான் என்று தெரிந்து பதறினான். வாலு. வாலு. பெயர் இருந்தது. அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. மூக்கு எப்படி இருக்கும்? குரல்? என் பிள்ளை. என் பிள்ளைதான். பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். கடைக்காரன் கொடுத்த டிஸ்கையே வெளியே உருவினான். விரலைச் சுட்டது. அவன் உள்ளங்கையில் இருந்துகொண்டே அது சுழன்றது. தூக்கிச் சுவரில் அடித்தான். தெறித்து விழுந்தது. மிதித்தான். நொறுங்கியது.

கோடு வலது ஓரத்தைத் தொட்டது.

அமைதி. மழைச் சத்தம்கூடக் கேட்கவில்லை. ஜன்னல்கள் சாத்திய அறை. காலடியில் ஏதோ உடைந்து கிடந்தது. எதற்கு உடைத்தான்?

"வந்துட்டியா?"

உள் அறையிலிருந்து. சிறுமியின் குரல். கோபம் இல்லை. அதைவிட மோசம், பொறுமை.

பின்னால் நாற்காலி இழுபடும் ஓசை. ஒருத்தி உட்காரும் ஓசை. அந்த வாசம்.

திரும்பக் கூடாது. ஏன் கூடாது? சொந்த வீடு.

ஒரு கை அவன் கைக்குள் நுழைந்தது. சின்னது. குளிர்ந்தது. நன்றாகப் பழகிய கை.

"இனிமே போகக் கூடாது," என்றாள்.

"போகல," என்றான்.

கதவை யாரோ தட்டினார்கள். சாவி பூட்டில் நுழைந்து, திரும்பாமல், மறுபடி நுழைந்து, திரும்பாமல் நின்றது. அவன் கதவின் கண்ணாடித் துளையில் கண்ணை வைத்துப் பார்த்தான். தொப்பலாக நனைந்த ஒரு பெண். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை. அந்தப் பெண் அவன் பெயரைச் சொல்லித் தட்டினாள். பிறகு கெஞ்சினாள். குழந்தை அழ ஆரம்பித்தது.

"அப்பா, கதவத் திற. நான்தான்ப்பா."

யார் பெற்ற பிள்ளையோ, இந்த மழையில், பாவம் என்று நினைத்தான்.

"யாரது?" என்று நாற்காலியில் இருந்தவள் கேட்டாள்.

"தெரியலம்மா. வீடு மாறி வந்துட்டாங்க போல." மேல் தாழ்ப்பாளையும் போட்டான். கன்னம் நனைந்திருந்தது. தொட்டுப் பார்த்தான். ஏன் என்று தெரியவில்லை. நெஞ்சுக்குள் எதையோ பிய்த்து எடுக்கிற மாதிரி வலித்தது, அது எங்கிருந்து வருகிறது என்றும் தெரியவில்லை.

கதவுக்கு அடியில் இருந்த இடுக்கு வழியாக நான்கு விரல்கள் உள்ளே வந்தன. குட்டி விரல்கள். ஈரத்தில் வெளுத்திருந்தன. தரையில் இங்கும் அங்குமாகத் தடவி எதையோ தேடின. "அப்பா," என்றது கதவுக்கு அந்தப் பக்கம்.

சிறுமி அவன் கையை விட்டாள். கதவருகே போனாள். வெறுங்காலைத் தூக்கி, அந்த விரல்களின் மேல் மெதுவாக வைத்தாள். முழு எடையும் இன்னும் இறங்கவில்லை. திரும்பி, கண் இமைக்காமல், அவன் முகத்தைப் பார்த்தாள்.

அவன் சரி என்பதுபோல் தலையசைத்தான்.