குழம்பு போகும் வழி

ஆவுடை மோர்க்குழம்பு வைத்து முடித்து, அதைத் திசைவியில் ஏற்றினாள். அடுப்பு, சட்டி, கரண்டி எதுவும் அந்த வீட்டில் கிடையாது. செவ்வாய்க் கிரகத்தில் யார் வீட்டிலும் கிடையாது.

தேரிக்குடியிருப்பில் எல்லோருக்கும் தினமும் கிடைப்பது வெளிர்பச்சை நிறத்தில் ஒரு பாசிக்களி. உடம்புக்கு வேண்டிய சத்தெல்லாம் அதில் உண்டு, ருசி மட்டும் அறவே கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஒவ்வொருவர் நாக்கின் அடியிலும் நாச்சில்லு என்ற பொடிக் கருவி. வீட்டில் சமைப்பவர் தொடுபலகையின் முன்னால் உட்கார்ந்து புளிப்பு இவ்வளவு, காரம் இவ்வளவு, தாளிப்பு வாசனை இவ்வளவு என்று கூட்டிக் குறைத்து ஒரு சுவைக்கோப்பு செய்வார். அலைபரப்பும் பெட்டியான திசைவி அதை வீட்டில் உள்ளவர்களின் நாச்சில்லுகளுக்கு அனுப்பிவிடும். களியை வாயில் போட்டால் குழம்பும் சோறும்தான்.

இதிலும் கைப்பக்குவம் உண்டு. ஆவுடைக்கு அது நிறையவே உண்டு என்பது அவளுடைய அபிப்பிராயம். கணவன் பேச்சிமுத்துவின் அபிப்பிராயமும் அதுதான் என்று பதினோரு வருடமாக நம்பிக்கொண்டிருந்தாள். தினமும் இரண்டாவது வாயிலேயே அவன் “நல்லாருக்கு” என்பான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காலையில் இரண்டு மணி நேரம் பலகையோடு மல்லுக்கட்டினாள்.

அன்று மதியம் ஆவுடை முதல் வாயை வைத்ததும் முகத்தைச் சுளித்தாள். ஈரச் சுண்ணாம்பைத் தின்றது போல இருந்தது. திரும்பிப் பார்த்தால், திசைவியில் சிவப்பு விளக்கு. எதிரே சுவரோரம் உட்கார்ந்திருந்த பேச்சிமுத்து இரண்டாவது வாயை விழுங்கினான்.

“நல்லாருக்கு.”

ஆவுடைக்குத் தூக்கிவாரிப்போட்டது. “என்ன நல்லாருக்கு?”

“குழம்புதான்.”

“என்ன குழம்பு?”

“நீ வச்ச குழம்பு.”

“அதுக்கு ஒரு பேரு இருக்கும்லா?”

அவன் மென்றுகொண்டே யோசித்தான். “மீன்குழம்பு. இப்பக்கூட ஒரு மாங்காத் துண்டு வாயில மாட்டிச்சு. ஏன், என்ன விசயம்?”

சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும். இவனுக்கோ நிஜமாகவே ருசி வருகிறது. அவள் வைத்தது மோர்க்குழம்பு, அதுவும் திசைவியை விட்டு வெளியே வரவில்லை. அப்படியானால் இது எவள் வைத்த குழம்பு? இத்தனை வருடம் கேட்ட “நல்லாருக்கு” எல்லாம் யாருக்குச் சேர வேண்டியது?

எழுந்து போய்த் திசைவியை அணைத்தாள். முப்பது வரை எண்ணிவிட்டுப் போட்டாள். சிவப்பு. பின்னால் இருந்த கம்பியைப் பிடுங்கித் துடைத்து மாட்டினாள். சிவப்புதான். பலகையில் இணைப்புப் பட்டியலைத் திறந்தாள். இந்த வீட்டில் இணைந்துள்ள நாச்சில்லு ஒன்று, ஆவுடை. அதற்குக் கீழே எதுவும் இல்லை. பேரைப் போட்டுத் தேடினாள். பேச்சிமுத்து பக்கத்து வீட்டுப் பட்டியலில் இருந்தான்.

பக்கத்து வீட்டில் நயினார் தனி ஆள். சுரங்கத்தில் இயந்திரக் கைகளை மேய்ப்பவன். கதவைத் தட்டி, இங்கே யார் சமைப்பது என்று ஆவுடை கேட்ட கேள்விக்கு அவன் கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

“எனக்கு எங்க மதினி சமைக்கத் தெரியும்? உங்க வீட்டுக் குழம்புதான் எனக்கும் வருது. ஆனா வந்த அன்னைக்கி தொடமாட்டேன். ஒரு நா ஊறட்டும்னு வச்சிருந்து மறுநாதான் எடுக்கது. மீன்குழம்பு மறுநாதான ருசி.”

“மோர்க்குழம்பையுமா ஊறப்போடுவீங்க?”

“எல்லாத்தையுந்தான். தனித்தனியா பிரிச்சு வைக்க எனக்குப் பொறுமை இல்ல.”

ஆவுடைக்கு மூச்சு வந்தது. நேற்று அவள் வைத்தது மாங்காய் போட்ட மீன்குழம்பு. பேச்சிமுத்து சாப்பிட்டதெல்லாம் அவள் கைக்குழம்புதான், ஒரு நாள் பிந்தி. வேறு எவளும் இல்லை. அந்த நிம்மதி வீட்டு வாசல்வரைதான் நின்றது. உள்ளே வந்ததும் வேறு கோபம் மூண்டது.

“பதினோரு வருசமா நேத்து வச்ச குழம்ப இன்னைக்கித் தின்னுருக்கீங்க. ஒரு நாளாவது சட்டியில ஒண்ணு, வாயில ஒண்ணுன்னு தெரியலயா?”

“சட்டி எங்க இருக்கு?” என்றான் அவன். உண்மைதான். “நீ என்ன வச்சேன்னு நானும் கேட்டதில்ல, நீயும் சொன்னதில்ல. நல்லாருந்துச்சு, நல்லாருக்குன்னேன்.”

“கவனிக்காம தின்னா அப்படித்தான்” என்று முறைத்துவிட்டு, அவள் திசைவியின் உதவிக்குரலைக் கூப்பிட்டாள். “என் சமையலப் பக்கத்து வீட்டுக்குக் குடுக்க, என் வீட்டுக்காரர அங்க மாத்திவிட, உனக்கு யாரு அனுமதி குடுத்தது?”

“நீங்கள்தான்” என்றது குரல், மிகுந்த மரியாதையோடு. “உங்கள் கணவர் சுவரோரம் உட்காருவதால் அவருக்கு அலை சரியாகக் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டில் இணைக்கலாமா, பதிலுக்கு அவர்களோடு உங்கள் சமையலைப் பகிரலாமா என்று கேட்டேன். சரி என்ற பொத்தானை அழுத்தினீர்கள். அதன்பின் தினமும் காலையில் நினைவூட்டினேன். இதுவரை நாலாயிரத்துச் சொச்சம் முறை சரி என்றிருக்கிறீர்கள். சராசரியாக அரை விநாடியில்.”

பேச்சிமுத்து களியை மெல்லுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். ஆவுடைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. அவனும் சேர்ந்துகொண்டான்.

“சரி, இன்னைக்கி ஏன் சிவப்பு?” என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“காலையில் வந்த புதிய அறிவிப்புக்கு நீங்கள் இன்னும் பதில் தரவில்லை. நாற்பது பத்தி இருக்கிறது.”

“கொண்டா. இன்னைக்கி ஒரு வரி விடாமப் படிச்சிட்டுத்தான் அடுத்த வேலை.”

சொன்னபடி உட்கார்ந்தாள். முதல் பத்தியில், ‘இனி பயனர் என்று அழைக்கப்படும் தாங்கள்’ என்று இருந்தது. இரண்டாவது பத்தி முதல் பத்தியை விளக்கியது. மூன்றாவதில் வயிறு கூப்பிட்டது. எதிரே களி ஆறிக்கொண்டிருந்தது. அவள் விரல் தானாகக் கீழே இறங்கி, கடைசியில் இருந்த பொத்தானைத் தொட்டது.

முப்பத்தோராவது பத்தியில், இதுவரை உள்ள இணைப்புகள் அனைத்தும் நிரந்தரமாகத் தொடரும் என்று எழுதியிருந்தது.

விளக்கு பச்சையானது. ஆவுடை ஒரு வாய் எடுத்துப் போட்டாள். வெண்டைக்காய் போட்ட மோர்க்குழம்பு, பக்குவமாக வந்திருந்தது.

“இப்ப சாப்பிட்டுப் பாருங்க. சுடச்சுட இன்னைக்கி வச்ச குழம்பு. எப்படி இருக்கு?”

பேச்சிமுத்து ஒரு வாய் போட்டான். நாக்கில் இன்னொரு மாங்காய்த் துண்டு தட்டுப்பட்டது. அவள் முகத்தைப் பார்த்தான். அவ்வளவு சந்தோஷமாக அவளை அவன் பார்த்து நாளாகியிருந்தது.

“நல்லாருக்கு” என்றான்.