சிறுத்துக்கொண்டே வந்த நிழல்

கேமராவின் பொத்தானில் பெரியவள் இன்னும் விரலை வைக்கவேயில்லை. அதற்குள் மூலையில் நின்ற ஃபிளாஷ் டப்பென்று அடித்துவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல் இருட்டுக்குள் போய்விட்டது.

"அக்கா, சொல்லிட்டு அடி. கண்ணு ரெண்டும் அவிஞ்சு போச்சு."

"நான் அடிக்கலடி."

"அப்போ யாரு? உன் ஃபிளாஷுக்கே படம் எடுக்க ஆசை வந்துடுச்சா?" என்று சின்னவள் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அந்த இருமல் என்றால்தான் பெரியவளுக்கு இன்னும் பயம். காய்ச்சல் போய்விட்டது. ஆனால் பல வாரம் அது ஆட்டிவைத்த ஆட்டத்தில் தங்கை பாதி ஆளாகியிருந்தாள். அம்மா வேறு ஊரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ், விடுப்பு கிடைக்கவில்லை. ஃபோனில் பேசும்போதெல்லாம் ஒரே வாக்கியம்தான்: "உன்னை நம்பித்தான் அவளை விட்டிருக்கேன்." நேற்று இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: "நல்லா ஒரு படம் எடுத்து அனுப்பு. தேறிட்டாளான்னு நான் என் கண்ணால பார்க்கணும்."

அதற்காகத்தான் இந்த ஏற்பாடெல்லாம். கேமராவின் தலையிலேயே ஃபிளாஷை மாட்டி நேருக்கு நேர் அடித்தால் முகம் அடையாள அட்டையில் இருப்பதுபோல் தட்டையாக, ரத்தமில்லாமல் விழும். ஃபிளாஷைக் கழற்றித் தள்ளி ஒரு ஸ்டாண்டில் வைத்துப் பக்கவாட்டில் அடித்தால் முகத்துக்கு உயிர் வரும். கேமராவின் மேல் ஒரு சின்னப் பெட்டி, ஃபிளாஷின் காலடியில் இன்னொரு பெட்டி. இங்கே அழுத்தினால் அங்கே வெளிச்சம். நடுவில் கம்பி கிடையாது. கடையில் இருந்ததிலேயே மலிவானதைத்தான் வாங்கியிருந்தாள். கடைக்காரரும் மறைக்கவில்லை. "இதுல சேனல் கம்மிம்மா. பக்கத்துல யாராவது இதே சாமானை வச்சிருந்தா, அவங்க அழுத்தறதுக்கு உங்க ஃபிளாஷ் அடிக்கும். சேனலை மாத்திக்குங்க, சரியாயிடும்" என்றிருந்தார்.

தெருவில் யாரோ படம் எடுக்கிறார்கள், அவ்வளவுதான். பெரியவள் இரண்டு பெட்டிகளிலும் இருந்த குட்டி ஸ்விட்சை நகத்தால் தள்ளிச் சேனலை மாற்றினாள்.

மாலை நேரம்தான். வெளியே இன்னும் வெயில் இருந்தது. ஆனால் பின்னறையின் ஒரே ஜன்னலைக் கறுப்புத் துணியால் அவள் இறுக்க மூடியிருந்தாள். டியூப் லைட்டின் பச்சை சாயல் தோலின் நிறத்தைக் கெடுக்கும் என்று அதையும் கழற்றி முன்னறையில் சாய்த்து வைத்திருந்தாள். மிச்சம் இருந்தது தங்கையின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு மேசை விளக்கு. அதன் வயரிலிருந்த ஸ்விட்ச் சின்னவளின் மடியில் கிடந்தது. 'போடு' என்றால் போட வேண்டும், அந்த வெளிச்சத்தில் பெரியவள் கேமராவைச் சரிசெய்துகொள்வாள். 'அணை' என்றால் அணைக்க வேண்டும், ஃபிளாஷின் வெளிச்சம் மட்டும் முகத்தில் விழும்.

"அணை."

இருட்டு. துணியின் புழுக்க வாடையும், சூடேறிய பேட்டரியின் லேசான கருகல் வாடையும், சின்னவள் தேய்த்துக் குளித்த சோப்பின் வாசனையும் கலந்து அந்த அறை ஒரு மூடிய பெட்டியைப்போல் மூச்சு முட்டியது. பெரியவள் அழுத்தினாள். டப்.

திரையில் வந்த படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். முகம் நன்றாகத்தான் இருந்தது. கன்னத்தில் பழைய மினுமினுப்புகூடத் தெரிந்தது. பின்னாலிருந்த வெள்ளைச் சுவர்தான் சரியில்லை. பாதிக்கு மேல், கூரைவரைக்கும், அழுக்குத் தண்ணீர் ஊறியதுபோல் ஒரு மங்கல். ஃபிளாஷுக்கு முன்னால் ஏதாவது தொங்குகிறதா என்று போய்த் தடவிப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

"என்னக்கா, அம்மா பயப்படுற மாதிரி இருக்கேனா?"

"வாயை மூடிட்டு உட்காரு. நல்லாத்தான் இருக்க."

அடுத்த படம். மங்கல் கொஞ்சம் குறைந்திருந்தது. கூரையை விட்டுக் கீழே இறங்கியிருந்தது. அதற்கடுத்ததில் இன்னும் குறைந்து, ஓரங்கள் திரண்டு, மேலே உருண்டையாகவும் கீழே சரிவாகவும் ஒரு வடிவம். தலை மாதிரி. தோள் மாதிரி. தன் நிழல்தான் என்று முதலில் நினைத்தாள். ஆனால் அவள் நின்றது ஃபிளாஷுக்குப் பின்னால். அங்கே நிற்கிறவளுக்கு எதிர்ச்சுவரில் ஏது நிழல்? எப்படியோ, குறைந்துகொண்டுதான் வருகிறது. மலிவுச் சாமான், சூடேறச் சூடேறச் சரியாகும்போலிருக்கிறது. அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டாள். இன்னும் ரெண்டு படத்தில் சுவர் சுத்தமாகிவிடும். அம்மாவுக்கு அனுப்பிவிடலாம்.

டப்.

அவள் அழுத்தவில்லை.

வெளிச்சம் போன பிறகும் அந்தச் சுவர் கண்ணுக்குள் ஒட்டிக்கொண்டு நின்றது. நாற்காலியில் தங்கை. அவளுக்குப் பின்னால் அவளுடைய நிழல். அதற்குப் பக்கத்தில், இப்போது ஒரு ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக, இன்னொன்று.

"அக்கா, சொல்லிட்டு அடின்னேன்ல?"

பெரியவள் கேமராவின் தலையிலிருந்த பெட்டியைக் கழற்றி அதன் ஸ்விட்சை அணைத்தாள். அதிலிருந்த சிவப்புப் பொட்டு அணைந்தது. இனி எந்தச் சேனலும் இல்லை. இனி அடிக்கக் கூடாது.

டப்.

நிழல் இன்னும் சிறுத்திருந்தது. ஓரங்கள் கத்தியால் வெட்டியதுபோல் துல்லியமாக இருந்தன. நீண்ட கைகள் முழங்காலுக்கும் கீழே தொங்கின.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த ஃபிளாஷ் வந்த அன்றைக்கே உள்ளங்கையை அதன் முன்னால் நீட்டி அவள் விளையாடிப் பார்த்திருக்கிறாள். விளக்கை ஒட்டிப் பிடித்தால் கை சுவர் முழுக்க மங்கலாகப் பரவும். விளக்கை விட்டு விலக விலக நிழல் சிறுக்கும், தெளியும். சுவருக்குப் பக்கத்தில் போனால் கையளவே இருக்கும். படம் எடுக்கிற யாருக்கும் இது பாலபாடம். அவள் அதைப்போய் மறந்துவிட்டு, குறைகிறது குறைகிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள்.

அது போகவில்லை. ஃபிளாஷிலிருந்து புறப்பட்டு நாற்காலியை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"குட்டி, விளக்கைப் போடு."

"போட்டுட்டேனே."

"போடுடி!"

"எரியுதேக்கா. உனக்குத் தெரியலையா?"

அறை கும்மிருட்டாக இருந்தது. ஃபோன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது. கதவு எதிர்ப் பக்கம். கதவைத் திறக்க ஓடுவதா, தங்கையிடம் ஓடுவதா?

"எழுந்து வா. என் குரல் வர்ற பக்கமா வா. சீக்கிரம்."

"முதல்ல என் முடியை விடு, அப்புறம் வர்றேன்." சின்னவளின் குரலில் இன்னும் விளையாட்டு இருந்தது. "எத்தனை தடவைதான் ஒதுக்கி விடுவ? உன் கை ஏன் இப்படிச் சில்லுனு இருக்கு?"

பெரியவள் பாய்ந்தாள். கேமரா நின்ற முக்காலியில் கால் இடறி, கேமரா தரையில் விழுந்து நொறுங்கியது. முழங்கால் தரைக்கல்லில் மோதியது. தவழ்ந்தாள். கை நாற்காலியைத் தொட்டது. இருக்கை வெதுவெதுப்பாக இருந்தது. மேலே தடவினாள். யாரும் இல்லை. மேசை விளக்கின் பல்பில் விரல் பட்டுச் சுட்டது. கொதித்துக்கொண்டிருந்தது. எரிந்துகொண்டுதான் இருந்தது. அதற்கு வெளிச்சம் மட்டும் இல்லை.

டப்.

சுவரில் மூன்று நிழல்கள். ஒன்று அவளுடையது, தரையில் தவழும் நிழல். மற்ற இரண்டும் நின்றுகொண்டிருந்தன. நீளமானது குட்டையானதன் கையைப் பிடித்திருந்தது. பெரியவள் சட்டென்று ஃபிளாஷ் பக்கம் திரும்பினாள், அது மறுபடி அடித்தது. நடுவில் யாரும் இல்லை. வெறும் தரை. மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

டப்.

அவளுடைய நிழல் அப்படியே இருந்தது. மற்ற இரண்டும் கொஞ்சம் பெரிதாகியிருந்தன.

பெரிதாகின்றன. சுவரை விட்டு விலகுகின்றன. திரும்பிப் போகின்றன.

"குட்டி!"

"என்னக்கா?" குரல் அறையின் நடுவிலிருந்து வந்தது. "எங்க கூட்டிட்டுப் போற?"

"நான் இல்லடி! கையை உதறு! விடுடி அதை!"

"நீதானே பிடிச்சிருக்க."

கைகளை விரித்துக்கொண்டு குரல் வந்த இடத்தில் போய் விழுந்தாள். சோப்பின் வாசனை மட்டும் முகத்தில் பட்டு விலகியது. மறுபடி பாய்ந்தாள். காற்று. பக்கத்தில்தான், கைக்கெட்டும் தூரத்தில்தான் தங்கை இருமினாள். அந்த இருமலைக்கூடப் பிடித்துக்கொள்ள முடியவில்லை.

டப்.

இரண்டு நிழல்களும் கூரையைத் தொட்டன. குட்டையான நிழல் தலையைத் திருப்பி, வந்த வழியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஃபிளாஷிடம் போய்ச் சேர்ந்துவிட்டால்? அதற்கப்புறம் நிழல் ஏது? பெரியவள் எழுந்து, தடுமாறி, அவற்றுக்கு முன்னால் மூலைக்கு ஓடினாள். ஸ்டாண்டைப் பின்பக்கமிருந்து கட்டிக்கொண்டாள். ஃபிளாஷின் ஸ்விட்சை அணைத்தாள். பேட்டரி மூடியைப் பிய்த்தாள். பேட்டரிகள் தரையில் விழுந்து உருண்டு ஓடின. காலியாகிவிட்ட அந்த ஃபிளாஷை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். இது வெறும் பிளாஸ்டிக். இனி அடிக்காது. அடிக்காது.

டப்.

சுவர் முழுக்கக் கறுப்பு. கூரையும் கறுப்பு. ஓரத்தில் மட்டும் ஒரு கீற்று வெள்ளை.

"அக்கா." இப்போது சின்னவளின் குரலில் விளையாட்டு இல்லை. வெகு அருகில், கிசுகிசுப்பாக வந்தது. "அக்கா, நீ அந்தப் பக்கம் நிக்கிறியே. அப்போ இது யாரு?"

"குட்டி, இங்கதான் இருக்கேன். கையை நீட்டு. நீட்டுடி."

மூச்சு மட்டும் கேட்டது. ஒரு மூச்சு அல்ல, இரண்டு.

டப்.

சத்தம் கேட்டது. நெஞ்சில் சூடு பட்டது. வெளிச்சம் வரவில்லை.

ஃபிளாஷின் முகத்தை ஏதோ மூடியிருந்தது. டார்ச்சைப் பொத்திய உள்ளங்கைபோல, அது உள்ளிருந்து சிவந்தது. அந்தச் சிவப்பில் விரல்கள் தெரிந்தன. நீளமானவை. கணுக்கள் அதிகம். ஒன்றின்மேல் ஒன்றாக, கூடை முடைந்ததுபோல். அவற்றின் இடுக்கில், கடித்த நகங்களோடு, அவளுக்குத் தெரிந்த நான்கு சின்ன விரல்கள் விளிம்பைத் தாண்டி இந்தப் பக்கம் அவளைத் தேடி நீண்டிருந்தன. நீளமான விரல்கள், அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றாக அவற்றின்மேல் மடிந்துகொண்டிருந்தன.