சத்தம் குறைத்தபோது கேட்டது

கிட்டாரின் ஒயரைப் பிடுங்கிய பிறகும் ஆம்ப்ளிஃபயருக்குள் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஜெபகுமார் அதை முதலில் இரைச்சல் என்றுதான் நினைத்தான். பழைய ரேடியோ மாதிரி கண்ணாடி வால்வு எரிகிற ஆம்ப்ளிஃபயர் என்றால் இரையத்தான் செய்யும். பென்னலூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் எலெக்ட்ரீஷியனாக இருப்பவனுக்கு அது தெரியாதா? ஆனால் இரைச்சல் ஒரே சீராக ஓடும். இது இழுத்தது, கொஞ்சம் நின்றது, மெதுவாக விட்டது. மறுபடி இழுத்தது.

மணி நாலுதான் ஆகியிருந்தது. அது தொண்ணூற்றொன்றாம் வருஷத்து ஐப்பசி. வெளியே மழைக்கு மூட்டம் போட்டிருந்தது. மண்ணூரில் அந்த வீட்டின் பின்போர்ஷனுக்கு அவர்கள் குடிவந்து ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. முன்னறை ஒன்று, உள்ளறை ஒன்று, நடுவில் கதவுக்குப் பதில் ஒரு பூப்போட்ட திரை. உள்ளறையில் மூன்று மாதக் குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு எழிலரசி பக்கத்திலேயே கண்ணயர்ந்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் பலராமன், ஒரு கம்பெனியில் நைட் ஷிஃப்ட் வாட்ச்மேன், பகலெல்லாம் தூங்குகிற ஆள்.

குழந்தையையும் பலராமனையும் எழுப்பாமல் கிட்டார் வாசிப்பது எப்படி என்பதுதான் இத்தனை நாளும் ஜெபகுமாரின் தலைவலி. குன்றத்தூரில் மைக் செட் தொழிலை விட்டுவிட்ட ஒருவரிடம் வாங்கிய பெட்டி அந்த ஆம்ப்ளிஃபயர். வால்வு வாய் திறந்து பாட வேண்டுமானால் சத்தக் குமிழைப் பாதிக்கு மேல் திருப்ப வேண்டும். திருப்பினால் தெருவே எழுந்து உட்காரும். குறைத்து வைத்தாலோ, சளி பிடித்தவன் பேசுவதுபோல் ஒரு மூக்கடைத்த ஓசை. கிறிஸ்துமஸுக்கு சர்ச்சில் அவன் வாசிக்க வேண்டும், பழக வேறு இடமும் கிடையாது. கடைசியில் கம்பெனி ஸ்க்ராப்பில் கிடந்த பெரிய பீங்கான் ரெசிஸ்டர்களைக் கேட்டு வாங்கி வந்து, ஸ்பீக்கருக்குப் போகிற வழியில் கட்டினான். வால்வு முழுப் பலத்தோடு பாடும், அந்தப் பலத்தில் முக்கால்வாசியை ரெசிஸ்டர் சூடாக விழுங்கிவிடும், மிச்சம்தான் ஸ்பீக்கருக்கு. அதன்மேல் ஒரு ஜமக்காளத்தையும் மடித்துப் போட்டான்.

அன்றைக்கு அவன் தேடிய ஓசை வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற அளவுதான் சத்தம். ஆனால் தந்தியை மெல்லத் தொட்டால் வழவழவென்று எழுந்தது, கொஞ்சம் அழுத்தினால் ஓரத்தில் லேசாகக் கரகரத்தது, அழுது ஓய்ந்தவள் குரல் மாதிரி. சந்தோஷத்தில் அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் ஒயரைப் பிடுங்கினான். அதற்குப் பிறகுதான் அந்த மூச்சு.

பென்சிலால் வால்வை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். இரண்டாவது வால்வு ஸ்பீக்கரில் 'டிங்' என்றது. அவனுக்கு உயிர் வந்தது. பழைய வால்வுக்குள் கம்பி தளர்ந்தால் அதுவே மைக்காகிவிடும். சுவர் அதிர்ந்தாலும் தரை அதிர்ந்தாலும் வாங்கிக்கொள்ளும்.

"அதுக்குக் காது மொளச்சிகிச்சி எழிலு," என்றான் சாயங்காலம். "சுவத்துக்கு அந்தாண்ட பலராமண்ணா கொறட்டைய இஸ்துகினு வந்து நம்மகிட்ட குடுக்குது."

"நல்லா கீது போங்க," என்று எழிலரசி சிரித்தாள். "ஊரான் தூங்கறத ஒட்டுக் கேக்கறதுக்கா இத்தினி பாடு?"

மூன்று நாள் அந்தக் குறட்டை அவனுக்குத் துணையாகவே இருந்தது. வாசித்தால் அது அடங்கும், நிறுத்தினால் தொடங்கும். நாலாம் நாள் விடியலில் ஷிஃப்டுக்குக் கிளம்பியபோது, டீக்கடையில் யூனிஃபார்மோடு நின்றிருந்த பலராமனைப் பார்த்தான்.

"இன்னாண்ணா, இப்பத்தான் டியூட்டி முடிஞ்சி வர்றியா?"

"இப்பத்தான்பா போறேன். பத்து நாளா டே ஷிஃப்ட்டு போட்டுட்டானுங்க. ஆறு மணிக்கு வூட்டப் பூட்டிகினு வந்தா, திரும்பறதுக்கு நைட்டு ஒம்போதாவுது."

"பகல்ல வூட்ல யாரு கீறாங்க?"

"யாரு கீறா? நான் ஒண்டிக்கட்ட." பலராமன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன், இன்னா ஆச்சி?"

ஜெபகுமார் ஒரு டீயை வாங்கி மடமடவென்று குடித்தான். கையில் டீ கிளாஸ் சுட்டதுகூட அவனுக்கு உறைக்கவில்லை.

அன்று சாயங்காலம் அந்த இரண்டாவது வால்வைக் கழற்றிவிட்டு வேறொன்றைச் செருகினான். மூச்சு நிற்கவில்லை. சர்ச் பாட்டு ஒன்றில் பாதி வரியை வாசித்துவிட்டுக் கையைத் தந்திமேல் வைத்து அமுக்கினான். அமைதி. பெட்டியிலிருந்து சூடேறிய தூசியின் வாசனை வந்தது. பிறகு ஸ்பீக்கருக்குள், ஜமக்காளத்துக்கு அடியில், மூடிய வாயால் யாரோ மிச்ச வரியை முனகி முடித்தார்கள்.

ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. ராகம் மட்டும் பிசகவில்லை.

பெட்டியை வாசற்கதவுப் பக்கம் நகர்த்தினான். மூச்சு தேய்ந்தது. உள்ளறைத் திரைப் பக்கம் இழுத்தான். ஓங்கியது.

"அத இன்னாத்துக்கு இங்க இஸ்துகினு வர்றீங்க?" என்று திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள் எழிலரசி.

"பாப்பா நல்லா தூங்குதா?"

"இந்த வூட்டுக்கு வந்ததுல இருந்து கொயந்த அழறதே இல்லியே. தூளிய ஆட்டக்கூட வாணாம். யாரோ தட்டிக்குடுத்த மாதிரி தூங்கிடுது." அவள் முகத்தில் பெருமை இருந்தது.

அவன் அவளிடம் எதையும் சொல்லவில்லை. பச்சை உடம்புக்காரி, பயந்துவிடுவாள். விடிந்ததும் வேறு வீடு பார்ப்பது என்று தீர்மானித்தான். ராத்திரி முழுக்கக் குழந்தையைத் தன் நெஞ்சின்மேல் போட்டுக்கொண்டே படுத்திருந்தான். அன்றுதான் குழந்தை விடிய விடிய அழுதது.

மறுநாள் மூன்றரைக்கு வந்தவன், குன்றத்தூரில் வீடு ஒன்று சொல்லிவைத்திருப்பதாக எழிலரசியிடம் சொன்னான். ஏன் என்று அவள் கேட்பதற்குள் தெருவில் குடங்கள் மோதும் சத்தம் கேட்டது. "தண்ணி புடிச்சிகினு வந்துர்றேன், அப்பறமா சொல்லுங்க. பாப்பா தூளில கீது, பாத்துக்குங்க," என்று குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

திரையை விலக்கிப் பார்த்தான். தூளி அசையாமல் தொங்கியது. உள்ளே குழந்தை, வாயோரம் பால் காய்ந்து, தூங்கியது. வேறொன்றும் இல்லை. அவளிடம் சொல்வதற்கு முன் ஒரே ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளலாம் என்று தோன்றியது. முன்னறைக்கு வந்து சுவிட்சைத் தட்டினான். வால்வுகள் மெல்லச் சிவந்தன. குமிழை முழுதும் திருப்பினான். ஜமக்காளத்தில் காதை வைத்தான்.

இரண்டு மூச்சுகள்.

ஒன்று சின்னது, குருவி நெஞ்சுபோல் வேகமானது. அது அவன் குழந்தையுடையது. மற்றது பெரியது, நீளமானது, அவசரமே இல்லாதது. இரண்டும் அருகருகே. பெரிய மூச்சு ஒன்று இழுத்து விடுவதற்குள் சின்னது நாலு முறை. பிறகு மூன்று. காதை இன்னும் அழுத்தினான். பிறகு இரண்டு.

சின்னது மெதுவாகிக்கொண்டிருந்தது. பெரியதோடு சேர்வதற்கு.

பிறகு ஒன்றுக்கு ஒன்று.

அவன் பிளக்கைப் பிடுங்கி எறிந்தான். வால்வுகளின் சிவப்பு கறுத்தது. ஸ்பீக்கர் ஒருமுறை 'டப்' என்று அடங்கியது.

மூச்சு அடங்கவில்லை. அது இப்போது ஸ்பீக்கரில் இல்லை. திரைக்குப் பின்னால்.

தெருவில் பம்பு அடிக்கும் சத்தம். எழிலரசி யாரிடமோ பேசிச் சிரிக்கும் சத்தம். அவள் அங்கேதான் இருந்தாள்.

திரையை இழுத்தான்.

இடுப்பு உயரத்தில் தொங்கிய தூளி இப்போது தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. மேலே கொக்கி முனகியது. புடவை தெறித்துவிடும்போல் விறைத்து நின்றது. துணிக்குப் பின்னால் வளைந்த ஒரு முதுகு. முதுகெலும்பின் முண்டுகள், ஒவ்வொன்றாக. மடக்கிய முழங்கால். அதன் அணைப்புக்குள் குழந்தையின் சின்ன உருவம். துணி ஏறியது. இறங்கியது. ஒரே மூச்சாக.

"பாப்பா," என்றான்.

தூளியின் வாயோரத்தில் குழந்தையின் கை மட்டும் வெளியே தெரிந்தது. அது கெட்டியாக ஒரு விரலைப் பிடித்திருந்தது. நீளமான, சாம்பல் நிற விரல். அதன் பக்கத்து விரல் குழந்தையின் புறங்கையை மெல்ல, மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது.