பின்கதவுக்கு வெளியே என்ன இருந்தது?

“பரிசு வாங்கினவன் மூஞ்சியா இது? இழவு ஊட்டுக்குப் போயிட்டு வந்தவனாட்ட இருக்கியே!” என்றார் ஜானகியம்மாள்.

அஸ்வந்த் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். குன்னூரில் பாத்திரக்கடைக்காரர் மகன். சின்னதாக ஒரு பேய்ப்படம் எடுத்து, திரைப்படச் சங்கத்துப் போட்டியில் போன வாரம்தான் முதல் பரிசு வாங்கியிருந்தான்.

ஜானகியம்மாள் தபால் துறையில் புகார் விசாரணை பார்த்து ஓய்வு பெற்றவர். காணாமல் போன பார்சல்களைத் தேடியே பேர் வாங்கியதால், ஊரில் எது தொலைந்தாலும் ஜனங்கள் அவர் வீட்டு மாடிப்படி ஏறிவிடுவார்கள். கீழே செல்போன் கடை வைத்திருக்கும் கமலேஷ் அவருக்கு வாடகைக்காரன். துப்பு விசாரிப்பதென்றால் கூப்பிடாமலே ஓடிவந்து நிற்கும் ஆர்வக்கோளாறு. தாய் தகப்பன் இல்லாதவன் வாய்க்கு வாய் ‘அம்மா’ என்று கூப்பிடுவதில் அவருக்கும் உள்ளூர ஒரு சந்தோஷம்.

“சொல்லு கண்ணு, என்ன காணோம்?”

“படத்தோட முடிவைக் காணோம்ங்கம்மா.”

கமலேஷ் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான். அஸ்வந்த் சொன்ன கதை இதுதான். பண்டலூரை ஒட்டின நெல்லியாளம் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களா. தனியாகத் தங்கியிருக்கும் பெண்ணுக்கு ராத்திரியெல்லாம் யாரோ வெளிச்சுவரைத் தேய்க்கும் சத்தம் கேட்கிறது. விடிந்ததும் நடுங்கிக்கொண்டே பின்கதவைத் திறக்கிறாள். வெளியே கொழுந்து பறிக்கும் அம்மாள் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். ‘பேயில்லம்மா, காட்டுமாடு வந்து சொவத்துல முதுகு தேய்க்குது’ என்று சொல்லிச் சிரிக்கிறாள். படம் முடிகிறது.

“ஆனா போட்டியன்னைக்கு, கதவைத் திறந்த உடனே திரை இருட்டாயிருச்சுங்க. அந்தம்மா வரவேயில்லை.”

“ஜனங்க திட்டினாங்களா?”

“கை தட்டினாங்க. அவ என்ன பார்த்தான்னு சொல்லாம விட்டதுதான் படத்தோட உயிர்னு நடுவருங்க சொன்னாங்க. நானும் மைக்கைப் பிடிச்சு, ஆமாங்க, வேணும்னுதான் விட்டேன்னு சொல்லிட்டேன்.” அவன் காது சிவந்துவிட்டது. “அதுகூடப் பரவாயில்லைங்கம்மா. அந்த முடிவுல நடிச்ச அன்னக்கிளியம்மா, தான் வர்றதைப் பார்க்க ரெண்டு பேரைக் கூட்டிட்டு பஸ் மாறி மாறி வந்திருந்தாங்க. வாசல்ல என்னைப் பிடிச்சு, ‘நான் நல்லாப் பேசலையா தம்பி? அதான் எடுத்துட்டீங்களா?’ன்னு கேட்டாங்க. மேடையில அளந்துட்டு வந்தவன் என்னத்தைச் சொல்றது? தலையைக் குனிஞ்சுட்டு வந்துட்டேன். ஞாயித்துக்கிழமை வியாபாரிகள் சங்கத்துல மறுபடி போடறோம், வாங்கன்னா, இன்னொரு தடவை வெக்கப்பட முடியாதுங்கறாங்க. யார் வெட்டினதுன்னு தெரிஞ்சாத்தான் நான் அவங்க மூஞ்சியில முழிக்க முடியும்.”

“யார் யார் கைக்குப் படம் போச்சு?”

“எடிட் பண்ணினது என் சிநேகிதன் டெனின். ஹால் புரொஜக்டர்ல ஓடலைன்னு கமலேஷ் அண்ணன் கடையில வேற ஃபார்மட்டுக்கு மாத்தினோம். ஹால்ல ஓட்டினது பங்களா ஓனர் பிராங்ளினோட லேப்டாப்ல.” அவன் திரும்பினான். “நீங்க ஏண்ணா படம் பார்க்க வரலை?”

“காய்ச்சல் தம்பி, எந்திரிக்கவே முடியலை.”

பால் திரிந்து போயிருந்ததால் ஜானகியம்மாள் வெறும் டீ போட்டு, சர்க்கரையைத் தனியாகக் கிண்ணத்தில் கொண்டுவந்தார். அஸ்வந்த் கலக்கிக் குடித்தான். கமலேஷ் சர்க்கரையை உள்ளங்கையில் கொட்டி, ஒரு நக்கு, ஒரு வாய் டீ என்று பேச்சு மும்முரத்தில் இறங்கினான்.

“டெனின்தாம்மா! சந்தேகமே வேண்டாம். முடிவைச் சொல்லிட்டா பயம் போயிரும், குழப்பி விடணும்னு எங்கடையில உக்காந்தே எத்தனை நாள் வாதம் பண்ணியிருக்கான்! கூப்பிட்டு நாலு அதட்டு அதட்டினா ஒத்துக்குவான்.”

“நானும் அவனைத்தான் நெனச்சேன்” என்றான் அஸ்வந்த். “பள்ளிக்கூடத்துல இருந்து ஒண்ணாச் சுத்தினவங்க. துரோகின்னு சொல்லிட்டேன். இப்ப பேசறதில்லை.”

மறுநாள் ஜானகியம்மாள் கூப்பிட்டதும் டெனின் வெட்டாத படத்துடன் வந்தான். அஸ்வந்த் இருந்த பக்கம் திரும்பவேயில்லை. “வெட்டினது நானில்லைங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், வெட்டினதுல படம் நல்லாத்தான் ஆச்சு. காட்டுமாடுன்னு சொல்லிட்டா ஜனங்க சிரிச்சுட்டு ஊட்டுக்குப் போயிருவாங்க. சொல்லாம விட்டா அந்தக் கதவு மனசுல தொறந்தே கெடக்கும்.”

“பார்த்தீங்களாம்மா, எப்படிப் பேசறான்னு!” என்று கமலேஷ் துள்ளினான்.

படம் ஓடியது. கதாநாயகி பின்கதவை நோக்கி நடந்தபோது, “கடையில ஆள் கூப்பிடறாங்க” என்று கமலேஷ் எழுந்து கீழே போனான். திரையில் கதவு திறந்தது. பனி மூடிய சரிவில் கூடையை இறக்கி வைத்துவிட்டு அன்னக்கிளி உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையை நக்கி, ஒரு வாய் டீ குடித்து, நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

அந்த இடத்தை மறுபடி போடச் சொல்லிப் பார்த்தார் ஜானகியம்மாள். போட்டியில் ஓடின படத்தின் கடைசியையும் அஸ்வந்தின் போனில் போட்டுக் கேட்டார். பிராங்ளினுக்கு ஒரு போன் போட்டு ரெண்டு வார்த்தை கேட்டார். அப்புறம் கமலேஷை மேலே கூப்பிட்டார்.

“கதவைச் சாத்திட்டு உக்காரு. டெனின் வெட்டியிருந்தா இசையை மெல்ல அடக்கி, பதவிசா முடிச்சிருப்பான். இது பாதி வாசிப்புல ஒயரைப் புடுங்கினாப்புல நிக்குது. சபை அதையும் கலைன்னு நெனச்சுக்கிச்சு. பிராங்ளின் பங்களாவை டூரிஸ்டுகளுக்கு விடறவர். பேயில்லைன்னு முடிச்சாத்தான் அவருக்குப் பொழப்பு. அந்த முடிவைக் கெஞ்சிச் சேர்க்க வெச்சதே தான்தான்னு இப்ப சொன்னார்.”

“அப்ப யாருங்கம்மா?” என்றான் அஸ்வந்த்.

“முடிவு புரியணுமா, புரியக்கூடாதான்னு நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கறீங்க. வெட்டினவன் அதை யோசிக்கவே இல்லை கண்ணு. அந்தம்மா முகம் தெரியறதுக்கு முந்தின நொடியில வெட்டியிருக்கான். அவன் மறைச்சது முடிவை இல்லை, முகத்தை.”

கமலேஷ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“படம் எடுத்த அந்தப் பண்டலூர் பக்கம் சிலோன்ல இருந்து வந்தவங்க குடியிருப்புக்கெல்லாம் நான் விசாரணைக்குப் போயிருக்கேன். சீனியை டீயில போட மாட்டாங்க. உள்ளங்கையில வெச்சு நக்கிக்குவாங்க. குன்னூர்ல அப்படிக் குடிச்சு நான் பார்த்தது உன்னை மட்டுந்தான் கமலேஷ். சினிமாப் பைத்தியம் நீ, உன் கையால மாத்திக் கொடுத்த படத்தைப் பார்க்கப் போகலை. இன்னைக்கும் கதவு திறக்கற நேரம் பார்த்துக் கீழே ஓடினே. கதவுக்கு வெளிய என்ன இருந்துச்சுன்னு ஊரே கேக்குது. இருந்தது உங்கம்மா. இல்லைன்னு சொல்லு, நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்.”

கமலேஷ் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

“கட்டினது வசதியான ஊட்டுப் பொண்ணுங்க. அம்மா கொழுந்து பறிக்கிறாங்கன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அப்பா நெசமாவே இல்லை. அம்மாவும் போயிட்டாங்கன்னு சொல்லிட்டேன். ‘போட்டோ குடுங்க மாப்பிள்ளை, அமாவாசைக்குக் கும்பிடணும்’னு மாமனார் கேட்டாரு. குடுத்தேன். எங்கூட்டுச் சொவத்துல உசுரோட இருக்கற எங்கம்மாவுக்கு மாலை தொங்குதுங்க. எம்பொண்டாட்டி தெனமும் வெளக்குப் பொருத்தறா. மாமனார் போட்டி பார்க்க வர்றேன்னாரு. ஒரு நிமிசம் அந்த முகத்தைப் பார்த்தாப் போதும், எல்லாம் வெளிய வந்துரும். அதான்…”

“அதுக்கு என்னை மாட்டிவிட்டீங்களாண்ணா?” என்றான் டெனின். அவன் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது.

கமலேஷ் தலை நிமிரவில்லை. அஸ்வந்தாலும் டெனின் கண்ணைப் பார்க்க முடியவில்லை. “தப்பா நெனச்சுட்டேன்டா” என்று முனகினான். ஜானகியம்மாள் மட்டும் என்ன, அவரும் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டுதான் இருந்தார். இத்தனை வருஷம் பக்கத்தில் வைத்திருந்தவனிடம், உங்கம்மா எப்படி இறந்தார்கள் என்று ஒரு நாள் கேட்டதில்லை. அம்மா என்று கூப்பிட ஆள் கிடைத்த ஆசையில், விசாரிக்கவே தெரிந்த வாய் அதை மட்டும் விசாரிக்காமல் விட்டுவிட்டது. சீ என்றிருந்தது அவருக்கு.

“டெனின் சொன்னது சரிதான். பேய்ப்படத்துக்குக் குழப்பம் நல்லதாவே இருக்கட்டும். ஆனா அந்தம்மா ஊட்டுல உக்காந்து, எங்கே தப்புப் பண்ணினோம்னு நெனச்சு நெனச்சுக் குமையறாங்க. அவங்களை அப்படி விடறது பாவம். போனைப் போடு. நீயே சொல்லு.”

அவன் எண்ணை அழுத்தினான். எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தான்.

“அம்மா… அந்தப் படத்துல உங்களை வெட்டினது நான்தாம்மா.”

காற்றுச் சத்தத்தோடு அன்னக்கிளியின் குரல் கேட்டது.

“அப்ப நான் நல்லாத்தான் பேசுனேனா மகன்?”

“நல்லாப் பேசுனீங்கம்மா.”

“அப்பாடி! அந்தத் தம்பி படத்தை நான் கெடுத்துட்டேன்னு நெனச்சு எனக்குச் சோறே எறங்கலை. கூட வந்தவளுகளும் கேலி பண்றாளுக. போகுது, எனக்கு இது போதும்.” சட்டென்று குரல் தாழ்ந்தது. “ஞாயித்துக்கிழமை மறுபடி போடறாங்களாம் மகன். அன்னைக்கும் மறக்காம வெட்டிரு. உன் மாமனார் ஊட்டுக்கு நான் செத்தவ இல்லியா? செத்தவ வந்து தேத்தண்ணி குடிக்கறதைப் பார்த்தா அவங்க பயந்துர மாட்டாங்க?”

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். நல்ல வேடிக்கை சொன்ன சந்தோஷத்தில், மகனும் சிரிப்பான் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

“வெட்ட மாட்டேம்மா” என்றான் கமலேஷ். போனை அணைத்துவிட்டு எழுந்து, செருப்பை மாட்டினான்.

“எங்கே போறே?” என்றார் ஜானகியம்மாள்.

“ஊட்டுக்குங்க. எல்லாரும் இருக்கறப்பவே, சொவத்துல இருந்து எங்கம்மாவை இறக்கணும்.”